பிரஸ் மிஷினில் நசுங்காத காது

அன்பு மகனுக்கு,

நேற்று சாயங்காலம் சம்பந்தி கிளம்பிப் போன பிறகு நீ என் தோளில் கை வைத்தாய். இரண்டு முறை மெதுவாக அழுத்திவிட்டு, பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு உன் பயிற்சிக் கூடத்துக்குப் போய்விட்டாய். இந்த முப்பது வருடத்தில் நீ என்னைப் பார்த்துப் பெருமைப்பட்டது அது முதல் தடவை என்று நினைக்கிறேன். என்னால் அந்தக் கையைத் தாங்க முடியவில்லை. ஏன் என்று நேரில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, அதனால் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும். படித்த பிறகு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. சந்தியாவிடம் கட்டாயம் காட்டு. நம் வீட்டுக்குள் வரப்போகிற பெண், எந்த வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்துகொண்டு வரட்டும். அவளும் படிப்பாள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் காது விஷயம். கல்லாவிக்குப் பெண் பார்க்கப் போன அன்று எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கேசரி வந்தது, காபி வந்தது. சம்பந்தி உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். உன் இடது காது. பத்து வருடம் தரையில் உருண்டு புரண்டு சண்டை பழகியதில் நசுங்கி, உள்ளே ரத்தம் கட்டி, இறுகிப்போய், பூக்கோசு மாதிரி ஆகிவிட்ட காது. கூண்டுச் சண்டைக்காரர்களுக்கு அது பட்டம் வாங்கின மாதிரி என்று நீ சொல்வாய். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் ஊருக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தோன்றும். அவர் கேட்டேவிட்டார்.

“மாப்பிள்ளைக்குக் காதுல என்னாங்க அடி?”

நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “கம்பெனில ஆனதுங்க. தகடு அமுக்கற பிரஸ் மிஷின்ல.”

“பிரஸ்லயா? எத்தன டன்னுங்க?”

“எம்பது டன்னு.”

“காது எப்படிங்க மாட்டுச்சு?”

“குனிஞ்சு பாத்தான். அப்பப் பாத்து இறங்கிருச்சு.”

அவர் வேலை செய்கிற தொழிற்சாலையில் அவர்தான் பாதுகாப்புக் கமிட்டி என்பது எனக்கு அப்போது தெரியாது. எண்பது டன் எடை இறங்குகிற இடத்தில் தலையைக் கொடுத்தவன் ஒரு காது மட்டும் நசுங்கி எழுந்து வந்து எதிரே உட்கார்ந்து கேசரி சாப்பிடுகிறான் என்றால், அந்தக் கதையை ஒரு பாதுகாப்புக் கமிட்டிக்காரர் எப்படிக் கேட்டிருப்பார்! அவர் “சாமி புண்ணியம்” என்று மட்டும் சொன்னார். நான் அதோடு விட்டேனா? என் இடது கையை நீட்டி, பாதி போன ஆள்காட்டி விரலைக் காட்டி, “எனக்கும் பாருங்க, இதே பிரஸ்தான்” என்றேன். உள்ளேயிருந்து ஒரு அம்மாள், “பாவம், அப்பனும் மவனும் கம்பெனிக்கே ஒடம்பக் குடுத்திருக்காங்க” என்றார். எனக்கு நிறைவாக இருந்தது. நீ தரையைப் பார்த்துக்கொண்டு “ஆமாங்க” என்றாய்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பது ஓசூரில் இருப்பவர்களுக்குப் புரியும். இங்கே ஒவ்வொரு தெருவிலும் அரை விரல்காரர்கள் இருக்கிறார்கள். கம்பெனியில் போன விரலுக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. குடும்பத்துக்காக உழைத்து இழந்தான் என்று பெயர். கல்யாண வீட்டில் அந்தக் கையால் தைரியமாகப் பந்தி பரிமாறலாம். ஆனால் சண்டை போட்டு நசுங்கின காது என்றால் ரவுடி. அவ்வளவுதான் என் புத்தி. உன் காதுக்குக் கொஞ்சம் கௌரவம் வாங்கிக் கொடுக்கலாம் என்று என் விரலின் கணக்கில் அதைச் சேர்த்துவிட்டேன்.

திரும்பி வரும்போது நீதான் காரை ஓட்டினாய். கிருஷ்ணகிரி தாண்டிப் போய், சூளகிரியில் டீக்கு நிறுத்தினாய். உன் அம்மா காரிலேயே இருந்தாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: “சந்தியாகிட்ட நான் இன்னைக்கே உண்மையச் சொல்லிடுவன்ப்பா. ஆனா அவங்கப்பாகிட்ட நான் சொல்ல மாட்டன். நீ கட்டுன பொய். நீதான் அவுக்கணும்.” சரி என்றேன். நிச்சயதார்த்தத்தின்போது சொல்கிறேன் என்றேன். நிச்சயதார்த்தம் முடிந்தது. பத்திரிகை அடிக்கும்போது சொல்கிறேன் என்றேன். பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. நீ ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தவில்லை. நீ திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உன்னை நான் நடத்திய விதத்தை இன்று நினைத்தால் எனக்கே என்மேல் கோபம் வருகிறது. டிப்ளமோ முடித்து, கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, எட்டே மாதத்தில் விட்டுவிட்டு, தினமும் பஸ் பிடித்து அத்திப்பள்ளி தாண்டிப் போய், குத்து உதை மல்லு எல்லாம் கலந்த அந்தச் சண்டையைக் கற்றுக்கொள்கிறேன் என்று நீ சொன்னபோது நான் பத்து நாள் உன்னோடு பேசவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் “டிரைனிங்குக்குப் போறான்” என்று சொன்னேன். எந்த டிரைனிங் என்று சொல்லவில்லை. அதில் பொய் இல்லை பார் என்று எனக்கு நானே சமாதானம் வேறு. நான் கம்பெனியில் தர ஆய்வில் இருந்தவன், ஒரு பொருளை எப்படிப் பார்த்தால் தேறும், எப்படிப் பார்த்தால் தேறாது என்று எனக்குத் தெரியாதா?

உன் முதல் சண்டை ஞாபகம் இருக்கிறதா? உன் எடைப் பிரிவுக்குள் வர எடை குறைக்க வேண்டும் என்று மூன்று நாளாக நீ சரியாகச் சாப்பிடவில்லை, கடைசி நாள் தண்ணீரும் இல்லை. வேர்த்து எடை இறங்கட்டும் என்று உச்சி வெயிலில் ரெயின்கோட்டு மாட்டிக்கொண்டு கெலவரப்பள்ளி அணை ரோட்டில் ஓடினாய். பக்கத்து வீட்டுக்காரர், “மழையே இல்ல, உங்க பையன் ரெயின்கோட்டு போட்டுட்டு ஓடறான், டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?” என்று என்னிடம் கேட்டார். அந்த அவமானத்தை உன்மேல் காட்டினேன். எடை பார்ப்பதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை. நம் வீட்டில் வியாழக்கிழமை கறி எடுத்ததே கிடையாது. அன்று நானே போய் ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கிவந்து, குழம்பும் வறுவலும் வைக்கச் சொல்லி, கூடத்தின் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

“ஏங்க, புள்ள தண்ணிகூடக் குடிக்கலங்க. இன்னைக்குப் போயி இது தேவையா?” என்றாள் உன் அம்மா.

“பசிச்சா வந்து உக்காருவான்” என்றேன்.

நீ வந்து உட்கார்ந்தாய். ஒரு காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, சூயிங்கம் மென்று மென்று ஊறுகிற எச்சிலைக்கூட அதில் துப்பிக்கொண்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே இருந்தாய். “உப்பு சரியா இருக்காப்பா?” என்று கேட்டாய். கிண்டலுக்குக் கேட்டாயா, நிஜமாகவே கேட்டாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் எடையில் தேறினாய், அதற்கடுத்த நாள் ஜெயித்தாய். அந்தக் குழம்பை நான் மூன்று வேளை தின்று தீர்த்தேன். உன் அம்மா தொடவில்லை.

இன்னொன்று. உன் ஐந்தாவது சண்டையைப் பார்க்க நான் வந்திருந்தேன். அரை நாள் லீவு போட்டு, பஸ் ஏறி, பெங்களூரில் அந்த உள்ளரங்கத்தின் கடைசி வரிசையில், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையில் குல்லா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெரிய ஊரில் என்னைத் தெரிந்தவன் எவன் இருக்கிறான்? கம்பி வலைக் கூண்டுக்குள் உன்னை முதல் தடவையாகப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் அந்தக் கன்னடப் பையன் உன் கையைத் தன் கால்களுக்கு நடுவில் பிடித்து முறுக்கி நீட்டினான். நீ இன்னொரு கையால் அவன் தொடையில் மூன்று முறை தட்டினாய். நடுவர் ஓடி வந்து பிரித்தார். அவன் உடனே விட்டான். இருவரும் எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டீர்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நடுவர் முடிவு சொல்வதைக்கூடப் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நீ பல் விளக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன்: “அவ்ளோ பேரு முன்னால தட்டித் தட்டிக் கெஞ்சினியே, வெக்கமா இல்ல?”

நீ முதலில் கேட்டது என்ன தெரியுமா? “நீ வந்திருந்தியாப்பா?” என்றாய். வாயில் நுரையோடு உன் முகம் அப்படி மலர்ந்தது. அப்புறம்தான் நீ வாயைக் கொப்பளித்துவிட்டு எடுத்துச் சொன்னாய். “கெஞ்சறது இல்லப்பா அது. தப்புப் பண்ணிட்டன், மாட்டிகிட்டன், ஒத்துக்கறன்னு சொல்றது. சொல்லலன்னா கை போயிருக்கும். கை இருந்தாதான அடுத்த நாளு போயி எங்க தப்புப் பண்ணன்னு பாக்க முடியும்?”

“ஆம்பளையாப் பொறந்தவன் கையே போனாலும் தட்டக் கூடாது” என்றேன். ஒன்பதரை விரலை வைத்துக்கொண்டு நான் அதைச் சொன்னேன். நீ என் கையைப் பார்த்தாய். அதற்கு மேல் வாதாடவில்லை. நீ மரியாதைக்காக நிறுத்தினாய் என்பது இப்போது புரிகிறது. அந்த மரியாதை எதன்மேல் நின்றது என்பதைத்தான் கீழே சொல்லப்போகிறேன்.

பதினோராவது சண்டையில் உன் முழங்கால் போனது. ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் வீட்டில் இருந்தாய். அப்போதும் நான், “இப்பவாவது சொல்லு, கம்பெனில யாருகிட்டயாவது பேசி உள்ள தள்ளிவிடறன்” என்று ஆரம்பித்தேன். நீ பாகலூர் ரோட்டில் லேத் பட்டறைக்குப் பின்னால் ஒரு ஷெட்டைப் பிடித்து, தரைக்கு மெத்தை போட்டு, கோச்சாக உட்கார்ந்தாய். ஓசூர்க்காரன் புத்தி உனக்கு. வகுப்புகளை ஷிஃப்ட் பார்த்து வைத்தாய். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்குக் காலையில் ஒன்று, விடியற்காலையில் போகிற ஏ ஷிஃப்ட் முடிப்பவர்களுக்கு மூன்றரை மணிக்கு ஒன்று. திருநெல்வேலியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பெண்கள், அஞ்செட்டிப் பக்கத்துப் பையன்கள், ஒடிசாவிலிருந்து வந்த ஒடியாக்காரர்கள். மூன்று மாதத்தில் ஷெட் நிறைந்துவிட்டது.

உன் அம்மா கொடுத்தனுப்பிய சாப்பாட்டுக் கேரியரோடு ஒருநாள் நான் அங்கே வந்தேன். புது ஆட்களுக்கு முதல் வகுப்பு. எப்படிக் குத்துவது என்று சொல்லிக் கொடுப்பாய் என்று நினைத்து ஜன்னல் ஓரம் நின்றேன். நீ இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் இன்னொருவர் கையைப் பிடிக்க, பிடிபட்டவர் தட்ட, தட்டினதும் விட, இதையே ஒரு மணி நேரம் செய்ய வைத்தாய். “தட்டுனா விட்ரணும். மாட்னா தட்டிரணும். இது ரெண்டும் வராதவங்களுக்கு வேற எதையும் நான் சொல்லித் தர மாட்டன்” என்றாய். ஒரு பையன் வீம்புக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டாமல் இருந்தான். நீ அவனைத் திட்டவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “யாருக்குப்பா காட்டற?” என்று மட்டும் கேட்டாய். அது என்னைக் கேட்ட மாதிரி இருந்தது, நான் கேரியரை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். அப்போது எங்கள் கம்பெனி லைனில் வேலை செய்கிற ஒரு பெண் கையில் குத்துச்சண்டை உறையோடு எதிரே வந்தாள். “சார், நீங்க எங்க கோச்சோட அப்பாவா? மூஞ்சி அப்படியே இருக்குதே!” என்றாள். நான், “இல்லம்மா, தெரிஞ்சவங்க வீட்டுப் பையன்” என்றேன். அவள் உன்னிடம் அதைச் சொன்னாளா என்று தெரியாது. சொல்லியிருந்தால் இதற்கும் என்னை மன்னித்துவிடு. சொல்லாமல் இருந்தால் இப்போது நானே சொல்லிவிட்டேன்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்த யோக்கியதை கொஞ்சம்தான் இருக்கிறது, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். வெளியில் அடிபட்டு வந்தால் அடிபட்ட இடத்தைச் சந்தியாவிடம் காட்டு. எங்கே பட்டது, எப்படிப் பட்டது, யார் தப்பு என்று அன்றைக்கே சொல்லிவிடு. ஒருநாள் தள்ளினால் மறுநாள் சொல்வதற்கு இரண்டு விஷயம் ஆகிவிடும், தப்பும், அதை ஏன் மறைத்தாய் என்பதும். நான் இருபத்தாறு வருடம் தள்ளினேன். உன் அம்மாவுக்கே நான் நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான் சொன்னேன். அவள் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நேற்றைக்கு வருகிறேன். சம்பந்தி தாம்பூலத் தட்டோடு வந்தபோது, இனியும் தள்ள முடியாது என்று நானே ஆரம்பித்தேன். “உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டங்க. அவன் காது பிரஸ்ல போகல. அவன் சண்டை போடற ஆளு. கூண்டுக்குள்ள போடற சண்டை. இப்ப அதுக்குத்தான் கோச்சா இருக்கான்.” அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சம்பந்தி, எம்பொண்ணு அன்னைக்கு ராத்திரியே செல்லுல வீடியோ போட்டுக் காமிச்சிட்டா. நீங்களாச் சொல்றீங்களான்னுதான் பாத்துட்டு இருந்தன். எம்பது டன்னு பிரஸ்ல தலைய விட்டவன் காதோட தப்பிச்ச கதைய எங்க கமிட்டில சொன்னன் பாருங்க, இன்னும் சிரிச்சிட்டு இருக்காங்க.”

நீயும் சிரித்தாய். உன் அம்மாவும் சிரித்தாள். பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விளையாட்டாகக் கேட்டார்: “உங்க வெரலு மட்டுமாவது நெசமாவே பிரஸ்ல போனதுதானுங்களே? மிஷின் கோளாறா, என்னா?”

“ஆமாங்க, மிஷின் கோளாறுதான்” என்றேன். யோசிக்கவே இல்லை. அத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன வார்த்தை, தானாக வந்துவிட்டது. அவர் போனார். நீ என் தோளில் கை வைத்தாய்.

இப்போது விரல். அப்போது உனக்கு நான்கு வயது. நான் பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளி. அந்த மிஷினுக்கு இரண்டு பட்டன். வலது கையால் ஒன்று, இடது கையால் ஒன்று, இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்காது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படிச் செய்தால் டார்கெட் எட்டாது. அதனால் நாங்கள் ஒரு பட்டனைச் சைக்கிள் ட்யூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுவோம். அது எப்போதும் அமுங்கியே இருக்கும். ஒரு கை தகட்டை வைக்கும், ஒரு கை அமுக்கும். வேகம் இரட்டிப்பு. யாரும் என்னைக் கட்டச் சொல்லவில்லை. அந்த மாதம் நான்தான் லைனில் முதல் ஆள் என்று பெயர் வாங்க வேண்டும், பெர்மனென்ட் ஆக வேண்டும் என்று நானாகக் கட்டினேன். ஒரு பகல் வேளையில் இடது கை உள்ளே இருக்கும்போது வலது கை அமுக்கிவிட்டது. மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. சொன்னபடி கேட்டது.

என் அலறலைக் கேட்டு முதலில் ஓடி வந்தவன் முனிராஜு. ஷிஃப்ட் ஃபிட்டர், பழுது பார்க்கிறவன், தெலுங்குக்காரன், என்னைவிட மூன்று வயது சின்னவன், என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். என் கையைத் துணியில் சுற்றிவிட்டு, சூப்பர்வைசர் வருவதற்குள் அந்த ட்யூபை அவிழ்த்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். “பயப்படொத்துண்ணா” என்றான், பயப்படாதே என்று. பட்டனைக் கட்டியிருந்தேன் என்று தெரிந்தால் எனக்கு வேலை போய்விடும், அதற்காகத்தான் அவிழ்த்தான். நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

விசாரணையில் கேட்டார்கள். “பட்டன்ல ஏதாவது கட்டியிருந்தியா?” இல்லை என்றேன். “அப்ப ஒத்தக் கையில எப்படி இறங்குச்சு?” என்றார்கள். அதோடு தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: “பட்டன் அடிக்கடி ஒட்டிக்கும் சார். முனிராஜுகிட்ட முன்னாடியே சொல்லியிருந்தன். அவன் கவனிக்கல.” முனிராஜு எதிரில் நின்றுகொண்டிருந்தான். ட்யூபை அவிழ்த்தேன் என்று அவன் சொன்னால் அதுவும் குற்றம். என்னைப் பார்த்தான். நான் கட்டுப்போட்ட என் கையைப் பார்த்துக்கொண்டேன். அடுத்த வாரம் அவனை அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தர ஆய்வில் ஒரு நாற்காலி போட்டு, பெர்மனென்டும் ஆக்கினார்கள். நீ படித்ததும் வளர்ந்ததும் அந்த நாற்காலியில்தான். நான் தட்ட வேண்டிய இடத்தில் தட்டவில்லை. அதனால் போனது என் வேலை இல்லை, அவன் வேலை.

அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று உனக்குத் தெரியும், யார் என்றுதான் தெரியாது. கெலவரப்பள்ளி போகிற வழியில், புளியமரத்துப் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பி, சுற்றிக் கட்டுகிற கடை. உன் ஷெட்டு ஃபேனை அங்கேதான் சரி பண்ணினாய். வீட்டுக்கு வந்து சொன்னாய்: “அந்தக் கடைக்காரரு உன்னத் தெரியும்னாருப்பா. வெரலு இப்பவும் வலிக்குதான்னு கேட்டாரு.” நான் கேபிள்காரன் ஏன் வரவில்லை என்று பேச்சை மாற்றினேன். இருபத்தாறு வருடமாக அந்த ரோட்டில் நான் போனதில்லை. நீ ரெயின்கோட்டு போட்டு ஓடிய நாட்களில் அவன் கடையைத் தாண்டித்தான் ஓடியிருப்பாய். இவன் இன்னாருடைய பிள்ளை என்று தெரிந்தே அவன் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

உன்னை நான் வெட்கப்படச் சொன்னேன். நீ வாங்கின ஒவ்வொரு அடியும் விளக்கு வெளிச்சத்தில், நடுவர் முன்னால், நூறு பேர் பார்க்க வாங்கினது. தோற்றபோது தோற்றேன் என்று தட்டிச் சொன்னவன் நீ. உன் காதை என் விரலோடு சேர்த்து வைத்தேனே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தக் காதுக்கு நான் செய்த அவமானம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு முனிராஜு கடைக்குப் போகிறேன். பத்திரிகை வைப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்வேன். அவன் வாங்கிக்கொள்ளலாம், முகத்தில் எறியலாம், அது அவன் இஷ்டம். அவனிடம் சொன்ன பிறகுதான் சம்பந்தியிடம் போவேன். முதலில் கேட்க வேண்டியவன் அவன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மணி அடித்த பிறகு கோச் கூண்டுக்குள் வரக் கூடாது, வெளியே நின்று கத்தத்தான் முடியும் என்று நீ சொல்வாயே. அதே மாதிரி வா. கடைக்குள் வராதே, எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே. புளியமரத்தடியில் வண்டியோடு நில். எனக்கு என்னைத் தெரியும், வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வரப் பார்ப்பேன். அப்போது உன் பிள்ளைகளிடம் கத்துகிற அதே குரலில் என்னைப் பார்த்துக் கத்து. உள்ளே போகச் சொல்லு. நான் வெளியே வந்த பிறகு, உனக்கு அப்போதும் மனசு இருந்தால், தோளில் கை வை.

ஞாயிற்றுக்கிழமை வரை உன் முகத்தைப் பார்க்கக் கூசுகிற,
உன் அப்பா